நடுவிலிருந்து ஆரம்பித்த பின்னல்

ஆகஸ்ட் 2

மதிப்பிற்குரிய சித்தி அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். பேக்கரியில் வேலை செய்கிறவர்களுக்கு என்ன குறை?

உங்களுடன் பேசுவதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். அந்த முடிவில் இப்போதும் மாற்றமில்லை. இது பேச்சு இல்லை, கடிதம். அம்மாவும் நீங்களும் ஒருவர் நம்பரை ஒருவர் பிளாக் செய்துவிட்டு உட்கார்ந்திருப்பதால் எனக்கு வேறு வழியும் இல்லை. அப்பாவிடம் உங்கள் விலாசம் கேட்டேன். "இந்தச் சண்டைக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது" என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். அப்புறம் விலாசத்தை எழுதிக் கொடுத்து, ஸ்டாம்பும் வாங்கி வந்தார்.

விஷயம் என் முடி பற்றியது. நீங்கள் இந்த வீட்டில் இருந்தவரை தினமும் காலையில் நீங்கள்தான் எனக்குப் பின்னிவிடுவீர்கள் என்பது ஞாபகம் இருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் போன பிறகு அம்மா பின்னுகிறாள். அவள் பின்னினால் என் புருவம் இரண்டும் நெற்றிக்கு ஏறிவிடும். அன்று முழுவதும் எதையோ பார்த்து ஆச்சரியப்பட்டவள் மாதிரியே இருப்பேன். ஆனால் இப்போது அதற்கும் ஆபத்து வந்துவிட்டது. அம்மாவுக்கு டிரைவர் பயிற்சி முடியப்போகிறது. செப்டம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து தனியாக பஸ் ஓட்டப் போகிறாள். முதல் ஷிப்ட். பேப்பர் போடுகிறவர் வருவதற்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவாள். எங்கள் பள்ளியில் நீளமான முடியை விரித்துப் போட்டுக்கொண்டு வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

அதனால் அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "மாசக் கடைசிக்குள்ள நீயே பின்னிக்கக் கத்துக்கோ. இல்லன்னா முப்பத்தொண்ணாம் தேதி சலூனுக்குப் போய் கழுத்தோட வெட்டிடலாம். எனக்கு வேற வழி தெரியலடி."

அவளும் சொல்லிக்கொடுத்துப் பார்த்தாள். முதல் தடவை காட்டினாள், இரண்டாவது தடவை கத்தினாள், மூன்றாவது தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஓடிவிட்டாள். என் முதுகுக்குப் பின்னால் காட்டுவதை நான் எப்படிப் பார்ப்பேன் என்று யாரும் யோசிக்கவில்லை. ஒருநாள் அப்பா முயற்சி செய்தார். அவருக்கு பார்சல் ஆபீசில் இரவு வேலை என்பது உங்களுக்குத் தெரியும். வேலை முடிந்து தூக்கக் கலக்கத்தில் வந்து, என் தலையை பார்சல் கட்டிவிட்டார். விலாசம் எழுதாததுதான் பாக்கி. அவிழ்க்க முடியாமல் இரண்டு ரப்பர் பேண்டை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது.

எனக்கு முடியை வெட்டிக்கொள்ள இஷ்டமில்லை. இடுப்பு வரை வளர்க்க எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. ஆகவே எப்படிப் பின்னுவது என்று விளக்கமாக எழுதி அனுப்பவும். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்


ஆகஸ்ட் 7

அடியே வாலு,

என்னடி இது, 'நீங்கள்', 'அவர்கள்', 'அனுப்பவும்'? படித்துவிட்டு உறையைத் திருப்பிப் பார்த்தேன், மின்சார வாரியத்திலிருந்து ஏதாவது வந்துவிட்டதோ என்று. பிறந்த அன்றே என் மடியை நனைத்தவள் நீ. உனக்கு நான் 'நீ'தான்.

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். எழுதுவேன், என்ன செய்வாய்? நான் உன்னை விட்டுப் போகவில்லை. உன் அம்மாவுக்கு டிரைவர் வேலை கிடைத்த அதே வாரம் எனக்கும் இந்த வேலை கிடைத்தது. அவளுக்கு ஆசைப்பட்ட வேலை, எனக்கும் ஆசைப்பட்ட வேலை. "நீ போயிட்டா வீட்டை யார் பாத்துக்கறது, பாப்பாவுக்கு யார் பின்னி விடறது" என்று கேட்டாள். ஒரு தடவை கூட 'நீ போயிட்டா எனக்கு எப்படி இருக்கும்' என்று கேட்கவில்லை. நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். போகட்டும். நீ கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். உன் கால் விரல் வெளியே தெரிந்தது.

சரி, பாடத்துக்கு வருவோம். ஒரு சங்கடம் என்னவென்றால், என் கைக்குப் பின்னத் தெரியும், எனக்குத் தெரியாது. எப்படி என்று யோசித்தால் கை நின்றுவிடுகிறது. அதனால் ஒரு யுக்தி செய்தேன். இங்கே எனக்குப் பின்னல் ரொட்டிப் பிரிவில்தான் வேலை. மேடையில் மூன்று மாவுத் திரி உருட்டி வைத்து, ஒரு கையால் பின்னிக்கொண்டே மறு கையால் உனக்கு எழுதுகிறேன். காகிதத்தில் மாவு ஒட்டியிருந்தால் தட்டிவிடு.

முடியை மூன்று பிரியாக எடுத்துக்கொள். மூன்றும் ஒரே பருமனாக இருக்கட்டும். நடுவிலிருந்து ஆரம்பி, அப்போதுதான் இரண்டு பக்கமும் ஒரே சீராக வரும். வலது பிரியை நடுப் பிரிக்கு மேலே போடு. இப்போது அதுதான் நடுப் பிரி. அடுத்து இடது பிரியை அதற்கு மேலே போடு. இப்படியே மாற்றி மாற்றிக் கீழ்முனை வரை போ. முனையை அழுத்தி உள்ளே மடித்துவிடு. பிறகு அப்படியே திருப்பிப் போட்டு, மறுபாதியையும் நடுவிலிருந்து மேல்முனை வரை அதே மாதிரி பின்னு. ரொம்ப இறுக்காதே, உப்புவதற்கு இடம் வேண்டும். கடைசியில் மேலே லேசாக எண்ணெய் தடவினால் நல்ல பளபளப்பு வரும்.

இவ்வளவுதான். செய்து பார்த்து எழுது. அம்மா சரியாகச் சாப்பிடுகிறாளா என்றும் எழுது. நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

சித்தி


ஆகஸ்ட் 13

மிகவும் மதிப்பிற்குரிய சித்தி அவர்களுக்கு,

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

நீங்கள் எழுதியபடி ஓர் எழுத்து விடாமல் செய்தேன். நடுவிலிருந்து ஆரம்பித்துக் கீழே வரை பின்னினேன். நன்றாகத்தான் வந்தது. முனையை மடித்து ரப்பர் பேண்ட் போட்டேன். பிறகு 'திருப்பிப் போடு' என்று எழுதியிருந்தீர்கள். எதைத் திருப்ப? என் தலையையா? குனிந்து, முடியை முன்னால் தள்ளி, தலைகீழாக நின்றபடி மேல்பாதியைப் பின்ன ஆரம்பித்தேன். மேலே ஒரு பின்னு போட்டால் கீழே ஒரு பின்னு தானாகவே விழுந்தது. அதைச் சரிசெய்ய கீழ்ப் பின்னலை முழுசாக உள்ளே நுழைத்து வெளியே இழுத்தேன். மறுபடி நுழைத்தேன். அப்புறம் எண்ணெய் தடவினேன். நிறைய.

அம்மா வேலையிலிருந்து வந்து பார்த்தபோது நான் கட்டிலடியில் இருந்தேன்.

என் தலையைப் பார்த்ததும் அவள் நேராக உள்ளே போனாள். கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். நான் வீடே இடிகிற மாதிரி அழுதேன். மேல்மாடி டெய்லர் அக்கா கூட இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார். அப்புறம் அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, சீப்புக் காம்பால் ஒவ்வொரு சிக்காக எடுக்க ஆரம்பித்தாள். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. "யாருடி உனக்கு நடுவுல இருந்து ஆரம்பிக்கச் சொன்னது?" என்று கேட்டாள். நான் வாயே திறக்கவில்லை, சத்தியம். அவளே யோசித்தாள். சீப்பு அப்படியே நின்றது. திடீரென்று சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். சும்மா இல்லை, தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"கதைப் புத்தகத்தை நடுவுல இருந்து படிப்பா, சண்டையை நடுவுல இருந்து ஆரம்பிப்பா, இப்ப இதுவுமா? உலகத்துலயே இப்படி ஒருத்திதான் இருக்கா. லெட்டரைக் கொண்டா" என்றாள்.

கொடுத்துவிட்டேன், மன்னிக்கவும். படித்துவிட்டு மறுபடி சிரித்தாள். பிறகு உங்களுக்கு எழுதச் சொன்னாள்: "ரொட்டிக்கு ரெண்டு முனை. முடிக்கு ஒரு முனைதான், இன்னொண்ணு தலையில ஒட்டிட்டு இருக்குன்னு அவகிட்ட சொல்லு." அப்புறம் எதையோ நினைத்துக்கொண்டவள் மாதிரி, "நான் நல்லாத்தான் சாப்பிடறேன்னும் எழுது" என்றாள்.

ஆனால் முப்பத்தொன்றாம் தேதி தீர்ப்பு அப்படியேதான் இருக்கிறது. அதை நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

இப்போது என் கேள்வி. நேர்மையாகப் பதில் எழுதவும். நீங்கள் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிக்கொடுத்தீர்களா?

இப்படிக்கு,
தலைவலியுடன்,
உங்கள் அக்கா மகள்


ஆகஸ்ட் 18

என் கண்ணே, என் வாலு,

உன் கடிதத்தை மேடையருகே நின்று படித்தேன். 'எதைத் திருப்ப, என் தலையையா' என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஒரு தட்டு ரொட்டி என்னால் கருகிப்போனது. மாஸ்டர் ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "ஒரு குழந்தையோட தலையை ஓவன்ல வைக்கச் சொல்லாம விட்டியே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்றார். இங்கே எல்லாருக்கும் நீ பிரபலம்.

மன்னித்துக்கொள். மாவைப் பார்த்துக்கொண்டே எழுதியதில் மாவுக்கே எழுதிவிட்டேன்.

வேண்டுமென்றே செய்தேனா என்று கேட்டாய். சத்தியமாக இல்லை. ஆனால் நேர்மையாக எழுதச் சொன்னாயே, அதனால் இதையும் எழுதுகிறேன். உன் முதல் கடிதம் வந்த அன்று எனக்கு ஒரு நினைப்பு ஓடியது. இவளுக்கும் பின்னத் தெரிந்துவிட்டால் அந்த வீட்டில் எனக்கு என்னதான் மிச்சம் இருக்கும் என்று. அக்கா என்னைக் கூப்பிடுவதற்கு ஒரு காரணமாவது பாக்கி இருக்கட்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது. உனக்கு இது புரியாது. புரியாமலே இருக்கட்டும். உனக்குப் பின்ன வர வேண்டும், அவ்வளவுதான். சலூன்காரர் கைக்கு அந்த முடி போகக்கூடாது.

இந்தத் தடவை ஒழுங்கான பாடம். நாற்காலி முதுகில் மூன்று ஷூ லேஸ் கட்டு, மூன்றும் வேறு வேறு நிறத்தில். மேலே கட்டிய இடத்திலிருந்து ஆரம்பித்து, கீழே போய் முடி. கை பழகும் வரை அதிலேயே செய். அடுத்து, உன் தலைக்குப் போகாதே. கண்ணால் பார்க்கிற மாதிரி வேறொரு தலை வேண்டும். உன் அப்பா தலையைச் சொல்லி அவரை வருத்தப்படுத்த நான் விரும்பவில்லை. வீட்டில் இன்னொரு தலை இருக்கிறது. கோபக்காரத் தலைதான், ஆனால் முடி நல்ல முடி. சின்ன வயதில் நான் பழகியதும் அந்தத் தலையில்தான். கேட்டுப் பார், கடித்துவிடாது.

அக்கா நிஜமாகவே சிரித்தாளா? தரையில் உட்கார்ந்தா?

சித்தி


ஆகஸ்ட் 24

அன்புள்ள சித்தி,

இந்தக் கடிதத்துக்கு 'நீ' போதும் என்று முடிவு செய்திருக்கிறேன். அடுத்ததுக்கு எப்படி என்று இன்னும் தெரியாது.

ஷூ லேஸில் பின்ன வந்துவிட்டது. இப்போது கண்ணை மூடிக்கொண்டே பின்னுகிறேன். அப்பாவின் செருப்பு வார், ஜன்னல் திரை, கூடத்து விளக்கு ஒயர், எல்லாவற்றையும் பின்னிவிட்டேன். விளக்கு ஒயரைப் பின்னியதற்கு அடி விழுந்தது.

பிறகு அம்மாவின் தலையைக் கேட்டேன். டிப்போவிலிருந்து வந்து நாற்காலியில் விழுந்து கிடந்தாள். "என்னமோ பண்ணு, இழுக்காம பண்ணு" என்றாள். டிரைவர் தொப்பிக்குள் அடங்க வேண்டும் என்று எப்படியோ சுருட்டிச் செருகி வைத்திருந்தாள். அவிழ்த்தால் சித்தி, எவ்வளவு முடி! என்னை விட நீளம். அதை அவள் யாருக்கும் காட்டுவதே இல்லை.

"என்ன எழுதியிருக்கா, படிச்சுட்டே பின்னு" என்றாள். உன் கடிதத்தை அவள் மடியில் விரித்துவைத்து, தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்துக்கொண்டே பின்னினேன். மாஸ்டர் சொன்னதைக் கேட்டுச் சிரித்தாள். அடுத்து நீ நேர்மையாக எழுதிய அந்த இடம் வந்தது. தாண்டிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் வாய் படித்துவிட்டது. 'ஒரு காரணமாவது பாக்கி இருக்கட்டுமே' வரைக்கும் படித்துவிட்டேன்.

அம்மாவின் முகம் எனக்குத் தெரியவில்லை, பின்னந்தலைதான் தெரிந்தது. அது அசையவே இல்லை. "ஏன் நிறுத்திட்டே? இறுக்கிப் பின்னு" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. அவ்வளவுதான் சொன்னாள். தினமும் வந்து உட்காருகிறாள், நான் தினமும் பின்னுகிறேன். ஆனால் உன்னைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. நான் தப்புச் செய்துவிட்டேனா?

அதை விடப் பெரிய கவலை, என் தலையில் எனக்கு இன்னும் வரவில்லை. அம்மா தலையில் ஜோராக வருகிறது. என் தலையில் கையை வைத்ததும் எல்லாம் மறந்துவிடுகிறது. கண்ணாடியைப் பார்த்தால் வலது இடதாகத் தெரிகிறது. தோள்பட்டை வலிக்கிறது. சலூனில் அம்மா பேசி வைத்துவிட்டாள். சீக்கிரம் எழுது.

வாலு


ஆகஸ்ட் 27

வாலு,

அவசரமாக எழுதுகிறேன், மாவு பொங்கிக்கொண்டிருக்கிறது.

கண்ணாடியைத் திருப்பி வை. ஷூ லேஸைக் கண்ணை மூடிக்கொண்டு பின்னினாய் அல்லவா? இதையும் கண்ணை மூடிக்கொண்டே செய். முடி முழுவதையும் ஒரு தோள் பக்கமாக முன்னால் கொண்டுவந்துவிடு. காதுக்குக் கீழே பிரி எடுத்து ஆரம்பி. கை கீழே இருக்கும், வலிக்காது. நடு முதுகில் பின்னல் தொங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பக்கவாட்டில் தொங்கினாலும் அது பின்னல்தான்.

வரவில்லையென்றால் அழாதே. முடி வளரும். நானும் இங்கே கழுத்தோடு வெட்டிக்கொண்டு உனக்குத் துணை நிற்கிறேன், வாக்கு.

அந்த இடத்தை ஏனடி படித்தாய்? உன் வாய்க்கு ஒரு ரப்பர் பேண்ட் போட வேண்டும். தப்பு உன்னுடையது இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவள் பேசவில்லை என்றால் விட்டுவிடு. அவள் தலையை ஒழுங்காகப் பின்னிவிடு, அது போதும்.

சித்தி


செப்டம்பர் 1

என் அருமைச் சித்தி,

முதலில் ஒரு வார்த்தை: நீ முடியை வெட்டிவிடாதே! வெட்டியிருந்தால் ஒட்டவை!

நேற்று அம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "கிளம்பலாமா?" என்று வாசலில் நின்றாள். "ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சினேன். சரி என்று செருப்போடு வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கண்ணை மூடி, முடியை இடது தோள் பக்கம் இழுத்துக்கொண்டேன். அது ஷூ லேஸ் என்று நினைத்துக்கொண்டேன். நடுவில் ஒரு பிரி நழுவியது. பிடித்துவிட்டேன். கண்ணைத் திறந்தால் கையில் பின்னல் இருந்தது! கொஞ்சம் கோணல்தான். அடியில் எலிவால் மாதிரி ஒல்லியாகப் போய்விட்டது. இருந்தாலும் பின்னல்.

அம்மா அதை பஸ்ஸைச் சோதிக்கிற மாதிரி சோதித்தாள். இழுத்துப் பார்த்தாள். குதிக்கச் சொன்னாள். படியில் ஏறி இறங்கச் சொன்னாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டச் சொன்னாள். அவிழவில்லை. "ம், ரோட்டுக்கு விடலாம்" என்று சொல்லிவிட்டு, சலூனுக்குப் போன் போட்டு வரவில்லை என்றாள். நான் சோபா மேல் ஏறிக் குதித்தேன். அப்பா தூக்கம் கலைந்து வந்து, என்ன விஷயம் என்று தெரியாமலே அவரும் கை தட்டினார்.

இன்று அவளுக்கு முதல் நாள். இருட்டோடு எழுந்து நானே அவளுக்குப் பின்னிவிட்டேன். தொப்பி கச்சிதமாக உட்கார்ந்தது. பின்னும்போது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள், "உன் சித்திக்கு நான் சொல்றதை அப்படியே எழுது. ஒண்ணும் சேர்க்காதே." சேர்க்கவில்லை சித்தி, அப்படியே எழுதுகிறேன்:

"சமையலுக்கு நான் ஒரு வழி பண்ணிட்டேன். பாத்திரம் அவர் கழுவறார். பாப்பா அவளே பின்னிக்கறா, எனக்கும் பின்னி விடறா. இந்த வீட்டுல உனக்குன்னு ஒரு வேலையும் மிச்சம் இல்லைன்னு எழுது."

என் கை நின்றுவிட்டது. அவள் திரும்பவில்லை.

"இவ்வளவு நாள் கூப்பிட்டிருந்தா, வேலைக்குக் கூப்பிடறேன்னு நினைச்சிருப்பா. இப்ப நினைக்க மாட்டா. வரச் சொல்லு. அவ இல்லாம எனக்கு நல்லா இல்லைன்னு எழுது."

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இதுக்குன்னு மெதுவா பின்னாதே, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று என்னைத் திட்டினாள்.

எப்போது வருகிறாய்?

உன் வாலு


செப்டம்பர் 5

வாலுக்குட்டி,

முடியை வெட்டவில்லை, பயப்படாதே. உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாவு மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன். நான் கையைச் சுட்டுக்கொண்டேன் என்று நினைத்து மாஸ்டர் பனிக்கட்டி கொண்டுவந்தார். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை, வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். நீ அவ்வளவு பெரியவள் ஆகிவிட்டாயா? எலிவால் எல்லாம் போகப்போகத் தடித்துவிடும். எனக்கும் முதலில் அப்படித்தான் வந்தது.

உன் அம்மாவின் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன், இனி அவள் கூப்பிட்டால் மணி அடிக்கும். ஆனாலும் இதைப் போனில் சொன்னால் என் குரல் சரியாக வராது. இந்தக் கடிதம் கிடைத்த அன்று அவள் வேலை முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும், பின்னிக்கொண்டே இதைப் படித்துக் காட்டு. ஒரு வரியைக் கூடத் தாண்டாதே.

அக்கா, நீ இல்லாமல் எனக்கும் நல்லா இல்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உன் பஸ்ஸில் ஏறி முதல் சீட்டில் உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை வருவேன். அங்கேயும் இறங்க மாட்டேன், உன்னோடேயே திரும்பி வருவேன். நாள் முழுவதும் அப்படியே வந்துகொண்டிருப்பேன். எனக்குத்தான் அங்கே ஒரு வேலையும் இல்லையே.